அறுநூத்திப் பதினோரு வாக்கியம்

அந்தப் பைய மேல வைக்காதீங்க சார். மடியில வச்சுக்கிடுங்க. உள்ள லேப்டாப்பா? கூட ஹார்ட் டிஸ்க்கும் கெடக்கா? அப்பக் கண்டிப்பா மடியிலதான். கரிவலம் தாண்டி ரோட்டப் பேத்துப் போட்டிருக்கான். மேல இருந்து ஒரு குலுக்குல வந்து விழும். விழுந்த பெறகு எடுத்துத் தொடச்சு, ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவீங்க. வெளிய ஒண்ணும் ஆகியிருக்காது. அதுதான் வெனை.

நான் சங்கரன்கோவில்ல எறங்கிருவேன். நீங்க திருநெல்வேலி வரைக்கும் போறீங்கல்லா, நான் எறங்கின பெறகும் மேல ஏத்தாதீங்க.

எம்பேரு ஆவுடையப்பன். ராஜபாளையத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ்னா வெறும் ஜெராக்ஸ் இல்ல. சாதிச் சான்று, வருமானச் சான்று, பரீட்சைக்கு விண்ணப்பம் போடுறது, எல்லாம் உண்டு. பென் டிரைவ் படிக்கலயா, போன்ல உள்ள போட்டோ காணாமப் போச்சா, எங்கிட்டதான் வருவாங்க. எங்க சொந்தத்துலயே கம்ப்யூட்டர்னா நான்தான். இத நானாச் சொல்லல சார். எங்க அண்ணன் சொல்லுவாரு. 'அவன்கிட்டக் குடுங்க, அவனுக்குத் தெரியாதது இல்ல'ம்பாரு. இப்பச் சொல்ல மாட்டாரு. சொல்ல முடியாது.

அண்ணன் பேரு கோமதிநாயகம். இதே ரோட்டுல இருபத்தெட்டு வருசம் கண்டக்டரா இருந்தாரு. நீங்க இந்தப் பக்கம் வந்து போறவரா இருந்தா அவரு குரல் உங்க காதுல விழுந்திருக்கும். கத்த மாட்டாரு. விசிலுக்கு மேல சத்தம் போடுற கண்டக்டர் இருக்காங்கல்லா, அந்த ரகம் இல்ல. ஆனா கடைசி சீட்டுல தூங்குற ஆளு எந்த ஊர்ல எறங்கணும்னு அவருக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு சீட்டு முன்னால நின்னுக்கிட்டே, 'ஐயா, பனையூர் வந்துட்டு, செருப்ப மாட்டுங்க'ன்னு சொல்லுவாரு. தூக்கத்துல இருக்கவனுக்குக் கேக்கும். பக்கத்துல முழிச்சிருக்கவனுக்குத் தொந்தரவா இருக்காது. அப்பிடி ஒரு குரல்.

ரிட்டயர் ஆகி நாலு மாசத்துல குரல் கட்டுச்சு. மிளகு போட்டுக் கஷாயம் வச்சுக் குடிச்சாரு. ஒரு பீடி குடிச்சது இல்ல, வெத்தல போட்டது இல்ல. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு, புத்துநோய், குரல்வளைய முழுசா எடுக்கணும்னுட்டாங்க. எடுத்தாப் பொழச்சுக்கிடுவாரு. ஆனா சத்தம் வராது. கழுத்துல ஒரு ஓட்டை போட்டு, அது வழியாத்தான் மூச்சு. ஆபரேஷனுக்குப் பத்தொம்பது நாள் கழிச்சுத் தேதி குடுத்தாங்க.

அந்த ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. அவங்கதான் இத ஆரம்பிச்சு வச்சது. இன்னும் பத்தொம்பது நாள் இருக்குலா, வீட்டுல தெனமும் என்னென்ன பேசுவீங்களோ அதையெல்லாம் பதிஞ்சு வச்சுக்கிடுங்க, பின்னால போன்ல பட்டன் மாதிரிப் போட்டுக்கிடலாம், தொட்டா உங்க குரல்லயே பேசும்னு சொல்லியிருக்காங்க. அண்ணன் வேண்டாம்னுட்டாரு. செத்தவன் குரலக் கேக்கற மாதிரி இருக்கும்னாரு. அப்ப மதினிதான் சொன்னாளாம், 'என்னயப் பேரு சொல்லிக் கூப்பிடுறத மட்டுமாவது பதிஞ்சு வைங்க.' மதினி பேரு உலகம்மாள். அண்ணன் 'ஒலகு'ம்பாரு. அதுக்குப் பெறகு அவரு மறுத்துப் பேசல.

பதிஞ்சது அவரு மக அனுசுயா. கோயம்புத்தூர்ல வேல பாக்கா. பத்தொம்பது நாளும் லீவு போட்டுட்டு வந்து ஒக்காந்துட்டா. அவரு மூணு வாக்கியம் பேசுவாரு, தொண்ட வலிக்கும், ஒரு மடக்குத் தண்ணி குடிப்பாரு, திரும்ப மூணு வாக்கியம். ஒரு நோட்டு போட்டு நம்பர் எழுதி, யாருக்கு என்ன சொல்லுதாருன்னு வரிசையா எழுதி வச்சிருக்கா. பால்காரருக்கு, மதினிக்கு, மருந்துக் கடைக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. மொத்தம் அறுநூத்திப் பதினோரு வாக்கியம்.

நான் போயிப் பாத்தேன் சார். போகாம இல்ல. கடையில அப்ப ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடுற நேரம், தெருவரைக்கும் பிள்ளைக நிக்கும். இருந்தும் ரெண்டு நாள் போனேன். ரெண்டு நாளா... ஒரு நாள். ஒரு நாள் போனேன்.

அனுசுயா போன்ல எடம் இல்லன்னு அன்னன்னைக்குப் பதிஞ்சத ஒரு ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டு, போன்ல அழிச்சிருக்கா. ஆபரேஷனுக்கு மொத நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு அந்த டிஸ்க்க ஒரு துண்டுல சுத்தி எங்கையில குடுத்தா. 'சித்தப்பா, இது ஒண்ணுதான் இருக்கு'ன்னா. நான் சிரிச்சேன். எங்கிட்டக் குடுத்துட்டல்லா, இனி அது பேங்க் லாக்கர்ல இருக்க மாதிரின்னு சொன்னேன். அப்பிடித்தான் சொன்னேன். அண்ணன் கட்டில்ல படுத்துக்கிட்டுக் கதவு வழியா எங்களப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அதுக்கு மேல கதிர்வீச்சு குடுக்கணும், வீட்டுக்கு வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க. மதினி மதுரையிலயே ரூம் எடுத்துத் தங்கிட்டா. எனக்கு என்ன வேலன்னா, அவரு வீட்டுக்கு வாரதுக்குள்ள அந்த அறுநூத்திப் பதினொண்ணையும் போன்ல பட்டனாப் போடணும். ஒக்காந்தா ஒரு வாரத்துல முடிஞ்சிரும். ரெண்டு மாசம் கெடக்கேன்னு நான் ஒக்காரல.

பால்துரைன்னு என் கூட்டாளி, டூரிஸ்ட் வேன் வச்சிருக்கான். கேரளாவுக்கு ஒரு கோஷ்டியக் கூட்டிட்டுப் போறான், வண்டியில போட சினிமா வேணும்னான். என் பென் டிரைவ்ல எடம் பத்தல. அந்த டிஸ்க்ல பாத்தா எடம் ஏகத்துக்கும் கெடக்கு. அண்ணன் குரல் அதுல ஒரு மூலையளவுதான். ஒரே ஒரு நாள்தான், ஏத்திக் குடுத்துட்டுத் திரும்ப வாங்கிட்டு வந்து பூட்டி வச்சிருவோம்னு ஒரு பதினஞ்சு படத்த ஏத்துனேன். பைக் டேங்க்கு மேல ஒரு கவர் இருக்கும்லா, அதுல வச்சேன். ஜிப் பாதிதான் மூடும். தென்காசி ரோட்டுல ஒரு வேகத்தடையில விழுந்துச்சு. நான் போடல சார். விழுந்துச்சு.

எடுத்துப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. கர்ச்சீப்பால தொடச்சேன். பால்துரைகிட்டப் போகாம நேரா கடைக்குத் திரும்பி வந்து சொருகினேன். வெளக்கு எரிஞ்சது. சினிமாவ ஓட விட்டேன், ஓடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. டீ சொல்லிட்டு அண்ணன் ஃபோல்டரத் தெறந்தேன். வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. பேரு மட்டும் ஒண்ணொண்ணா வருது, ஒண்ணைத் தொட்டா, இந்த ஃபைலைப் படிக்க முடியலன்னு காட்டுது. இன்னொண்ணைத் தொட்டாலும் அதே.

கடைக்கு வாரவங்களுக்கு நான் சொல்லுற மொத வைத்தியம் கேபிளை மாத்துறது. மாத்தினேன். அடுத்தது சொருகுற எடத்த மாத்துறது. முன்னால விட்டுட்டுப் பின்னால சொருகினேன். அதுவும் இல்லன்னா கம்ப்யூட்டரையே மாத்துறது. மூணாவது கம்ப்யூட்டர்ல கொஞ்சம் அசஞ்சு குடுத்துச்சு. ஃபோல்டர அப்பிடியே இழுத்துக் காப்பி போட்டேன். பதினாலு சதவீதம் வரைக்கும் வந்து நின்னுச்சு. அரை மணி நேரம் அந்தப் பதினாலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அங்கயே நிறுத்தியிருக்கணும். வந்தத வச்சுக்கிட்டு, பிடுங்கி, தெரிஞ்ச ஆள்கிட்டக் கொண்டு போயிருக்கணும். ஆனா நான்தான தெரிஞ்ச ஆளு. காப்பிய ரத்து பண்ணிட்டு மொதல்ல இருந்து போட்டேன். வந்திருந்த பதினாலும் சேந்து போச்சு. ரெண்டாவது தடவ மூணு சதவீதத்துலயே நின்னுச்சு.

டிஸ்க்க ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. அதுக்கு நான் ஆமான்னு சொல்லல. அந்த அளவுக்கு நான் மடையன் இல்ல. பிழையத் தேடிச் சரி பண்ணுறதுக்குன்னு ஒரு கருவி விண்டோஸ்லயே இருக்கு, அத ஓட விட்டேன். ரெண்டு நாள் ஓடுச்சு. அந்த சிஸ்டத்து மேல 'வேலை செய்யாது'ன்னு அட்டை எழுதி வச்சிட்டு, மத்ததுல வேல பாத்தேன். ரெண்டாவது நாள் மத்தியானம் 'டிக் டிக்'னு சத்தம். பல்லின்னு நெனச்சு செவத்தப் பாத்தேன். பல்லி இல்ல. பையில இருக்குல்லா உங்க டிஸ்க், அதுலருந்து என்னைக்காவது அப்பிடி ஒரு சத்தம் வந்தா, சார், அந்த நிமிசம் பிடுங்கிருங்க. நான் பிடுங்கல. கருவி 'சரி செய்கிறது'ன்னு காட்டிக்கிட்டு இருக்கு, பாதியில நிறுத்தினாக் கெட்டுப் போகும்னு விட்டுட்டேன்.

இன்னும் ஒண்ணு செஞ்சேன். இத என் வீட்டுக்காரியத் தவர யார்கிட்டயும் சொன்னதில்ல. ஃப்ரீசர்ல வச்சா சரியாகும்னு ஒரு வீடியோவுல பாத்தேன். ரெண்டு பாலித்தீன் கவர்ல சுத்தி, இட்லி மாவுக்கு மேல தட்டுல வச்சேன். அவ கேட்டதுக்கு கம்ப்யூட்டர் சாமான் சூடாயிட்டுன்னேன். மறுநாள் எடுத்துச் சொருகினா, நாலு நிமிசம் ஓடுச்சு சார், சத்தியமா. ரெண்டு ஃபைல் வந்துச்சு. ஒண்ணு, 'காபியில சர்க்கர வேண்டாம்'. இன்னொண்ணு வெறும் இருமல். அதுக்குப் பெறகு வெளக்கு எரியுது, சத்தம் வருது, கம்ப்யூட்டருக்கு அப்பிடி ஒரு சாமானே தெரியல.

அந்த வாரம் அனுசுயா போன் பண்ணுனா. போன்ல ஏத்தியாச்சா சித்தப்பான்னா. நான் உண்மையச் சொல்லியிருப்பேன். கடையில ஆளு நின்னாங்க. டிஸ்க்ல ஏதோ கோளாறும்மான்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல போகாம ஒரு கேள்வி கேட்டேன். கடைக்கு வாரவங்ககிட்ட நான் எப்பவும் கேக்குற கேள்விதான்.

"ஒவ்வொரு தடவயும் சிஸ்டத்துல 'எஜெக்ட்' குடுத்துட்டுத்தான டிஸ்க்கக் கழட்டுன?"

"ஒண்ணு ரெண்டு தடவ அவசரத்துல அப்பிடியே பிடுங்கியிருப்பேன் சித்தப்பா."

"அப்ப அதாத்தான் இருக்கும்"னேன்.

இருக்கும்னுதான் சொன்னேன். அதுதான்னு அடிச்சுச் சொல்லல. அப்பிடிப் பிடுங்கினாலும் கெட்டுப் போகும், அது பொய் இல்ல. நீங்களே கேட்டுப் பாருங்க, யாரும் சொல்லுவாங்க.

அவ அவங்க அம்மைக்குப் போன் போட்டு அழுதிருக்கா. மதினி எனக்குப் போன் பண்ணி, சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிட்டா, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத, எப்பிடியாவது சரி பண்ணிக் குடுன்னா. எங்கிட்ட மன்னிப்புக் கேக்கா சார். நான் சரி மதினின்னேன். வேற என்ன சொல்லணும்? தீபாவளிக்கு அனுசுயா வரல. லீவு இல்லன்னு சொல்லிட்டாளாம். பத்தொம்பது நாள் லீவு எடுத்தவளுக்கு அதுக்கு மேல எவன் லீவு குடுப்பான்? அதாத்தான் இருக்கும்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் அண்ணன் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்தாரு. கழுத்துல ஒரு வெள்ளத் துணி. கையில பிள்ளைக எழுதி அழிக்குமே, அந்தச் சிலேட்டு. என்னப் பாத்ததும் அதுல 'டிஸ்க்?'னு எழுதிக் காட்டுனாரு. கேபிள் கோளாறுண்ணே, சென்னையில சொல்லியிருக்கேன்னேன். தலைய ஆட்டிட்டு அழிச்சாரு. நம்பிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் கடைத்தெருவுக்கு நடந்தோம். ஒரு வயசாளி, கையில குடை, எதுக்க வந்தாரு. அண்ணன் வண்டியில தெனமும் போயிட்டு வந்தவரு போல. 'கண்டக்டர் ஐயா, சௌக்கியமா, எங்க ஆளையே காணல'ன்னு கேட்டாரு. அண்ணன் கையக் கும்புட்டாரு. சிலேட்ட வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு. வாயத் தெறந்தாரு, ஒண்ணும் வரல. கழுத்துத் துணி மட்டும் உள்ள போயி வெளிய வந்துச்சு. அந்த ஆளுக்குக் கண்ணு செத்த மங்கல்னு நெனைக்கேன், துணியக் கவனிக்கல. ஒரு நிமிசம் நின்னாரு. ரிட்டயர் ஆனதும் மொகம் தெரியாமப் போச்சாக்கும்னு முனங்கிட்டுப் போயிட்டாரு. நான் பின்னால ஓடிச் சொல்லியிருக்கலாம். அண்ணன் என் தோளப் பிடிச்சுக்கிட்டாரு. வேண்டாம்ங்காரா, பிடிச்சுக்கிட்டு நிக்காரான்னு எனக்குப் புரியல. நானும் அந்தாளு போறதப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அதுக்கு அடுத்த நாளே சென்னைக்கு ரயிலேறிட்டேன். இந்த மாதிரி டிஸ்க்குகளத் தெறந்து எடுக்குற எடம் இருக்கு. தூசியே இல்லாத கண்ணாடி ரூமு, ஆபரேஷன் தியேட்டர் கணக்கா தலைக்குத் தொப்பி. அங்க ஒரு அம்மா, நிலோஃபர்னு பேரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். டிஸ்க்கக் கையில வாங்கி, காதுல வச்சு லேசா ஆட்டிப் பாத்தாங்க. கீழ விழுந்துச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன். தண்ணி கிண்ணி பட்டுச்சான்னாங்க. இல்லன்னேன். கோளாறு வந்த பெறகு எத்தன தடவ ஓட விட்டீங்கன்னாங்க. ஒண்ணு ரெண்டு தடவன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. கண்ணாடி வழியாக் காட்டுனாங்க. உள்ள வட்டமா ஒரு தகடு, மொகம் பாக்கலாம், அம்புட்டுப் பளபளப்பு. அதுல கிராமபோன் தட்டுல இருக்க மாதிரி வளையம் வளையமாக் கோடு. திட்டல சார் அந்த அம்மா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். படிக்கிற ஊசி வளஞ்சிருக்கு, விழுந்ததுல வளஞ்சது, அந்த வளஞ்ச ஊசியோட ஒவ்வொரு தடவ ஓடும்போதும் தட்டச் சொரண்டியிருக்குன்னாங்க. கேபிள் மாத்தும்போது, எடம் மாத்தும்போது, ரெண்டு நாள் அந்தக் கருவி ஓடும்போது, எல்லாம்.

"விழுந்த அன்னைக்கே கொண்டு வந்திருந்தா அநேகமா முழுசும் எடுத்திருப்பேன். இத விழுந்தது கெடுக்கல சார். சரி பண்ணுனதுதான் கெடுத்திருக்கு."

எடுத்துக் குடுத்தாங்க. இருநூத்திப் பதினாலு ஃபைல். பேரு எதுவும் கெடையாது, வெறும் நம்பர். பதினஞ்சு சினிமாவுல பதிமூணு நல்லா வந்திருந்துச்சு. அத ஏன் கேக்கீங்க.

எது எந்த வாக்கியம்னு கேட்டுத்தான் பேரு வைக்கணும். மதினிகிட்டச் சொல்லி அந்த நோட்ட வாங்கிட்டு வந்தேன். மூணு வாரம், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து, காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்தேன். அப்பத்தான் சார் நான் மொதமொத முழுசா ஒக்காந்து கேக்கேன். 'ஒலகு'. 'வெந்நி போதும்'. 'கேட்டச் சாத்திட்டு வாங்க தம்பி', அது பால்காரருக்கு. 'எனக்கு வலிக்கல, நீ தூங்கு'. இத அவரு பேச முடியுற காலத்துல ஒக்காந்து பதிஞ்சிருக்காரு பாருங்க. இனிமே வலிக்கும்போது வலிக்கலன்னு சொல்லதுக்கு. நடுவுல இருமல் வரும், தண்ணி குடிக்கற சத்தம் வரும், அனுசுயா சிரிக்கது கேக்கும்.

நோட்டுல 'சித்தப்பாவுக்கு'ன்னு ஒரு பக்கம் இருந்துச்சு. இருபத்திமூணு வாக்கியம். எங்க அண்ணன் எனக்குப் போடுற மரியாதை உங்களுக்குத் தெரியாதே. ஏல, வால, போல, இதுதான். அம்பது வருசமா அதுதான். அனுசுயாவும் அப்பிடியே எழுதி வச்சிருக்கா. 'ஏல, சாப்ட்டியா'. 'வண்டிய மெள்ள ஓட்டுல'. 'கடைய அடச்சிட்டு வால'. அந்த இருபத்திமூணுல ரெண்டுதான் வந்திருந்துச்சு. சாப்ட்டியாவும், கடைய அடச்சிட்டு வாலவும். மத்த இருபத்தொண்ணும் தகட்டுல பொடியாப் போச்சு.

ஒரு ஃபைலு நோட்டுல எந்த வாக்கியத்தோடயும் சேரல. பதிவ நிறுத்த மறந்திருப்பா போல. அனுசுயா கேக்கா, இன்னொரு காப்பி எடுத்து எங்கிட்டயும் வச்சுக்கிடவாப்பான்னு. அண்ணன் குரல் அப்ப ரொம்பக் கம்மிப் போயிருக்கு. 'எதுக்கு? சித்தப்பா பாத்துக்கிடுவான்.' அவ்வளவுதான் அதுல. அது வாக்கியம் இல்லலா, அதனால அவரு போன்ல அதச் சேக்கல. எங்கிட்ட இருக்கு. அழிக்கல.

அதக் கேட்ட பெறகு எனக்குச் சோறு எறங்கல சார். போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழம, இருநூத்துச் சொச்சத்தையும் பட்டனாப் போட்ட போனை எடுத்துக்கிட்டு இதே பஸ்லதான் போனேன். எனக்கு உள்ள ரெண்டையும் மொத பக்கத்துலயே, மேல, செவப்புக் கலர்ல பெரிசாப் போட்டிருந்தேன். நான் போனா உடனே கைக்குக் கெடைக்கணும்லா.

அண்ணன் நாற்காலியில ஒக்காந்திருந்தாரு. போனைக் கையில குடுத்துக் காட்டிக் குடுத்தேன். மொதல்ல 'ஒலகு'ங்கறதத் தொட்டாரு. மதினி பின்னால பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தா. 'இந்தா வாரேன்'னா, சாதாரணமா. பழக்கத்துல வந்துட்டு அந்தப் பதிலு. அதுக்குப் பெறகு தேய்க்கற சத்தம் நின்னுச்சு. கையில சாம்பலோட வந்து கதவு நெலையில நின்னா. அவரு இன்னொரு தடவ தொட்டாரு.

அப்பச் சொல்லிட்டேன். அதுக்கு மேல வச்சிருக்க முடியல. கேபிள் இல்லண்ணே, நான்தான் கீழ போட்டுட்டேன், சினிமா ஏத்திட்டுப் போனேன், போட்டதுக்குப் பெறகும் நானே நோண்டினேன், நானூறு போயிட்டு, அனுசுயா மேல ஒரு தப்பும் இல்லன்னு எல்லாத்தையும் சொன்னேன். சொல்லும்போது அவரு மொகத்தப் பாக்கல, போனையே பாத்துக்கிட்டுச் சொன்னேன். முடிச்சிட்டு நிமுந்தா, மதினி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நிக்கா. அண்ணன் சிலேட்ட எடுத்து எழுதுதாரு. திட்டுதாரு, திட்டட்டும்னு இருந்தேன். திருப்பிக் காட்டுனாரு.

'அனுகிட்டச் சொன்னியா?'

இன்னும் இல்லண்ணே, ஒங்ககிட்டச் சொல்லிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்னேன்.

சிலேட்ட மடியில கமுத்தி வச்சாரு. போனை எடுத்தாரு. மொத பக்கத்துலதான் என்னோடது ரெண்டும் இருக்கு, செவப்பா. வெரலு அதுக்கு மேல போச்சு. நிக்கல. தள்ளுனாரு. ரெண்டாவது பக்கம். மூணாவது பக்கம். மூணாவது பக்கம் பூரா வெளியாளுகளுக்கு உள்ளது சார். சீட்டுப் பணம் கேக்க வாரவன், சாமான் விக்க வாரவன், அவங்களுக்கு. அதுல தேடி ஒண்ணத் தொட்டாரு.

'இப்பப் பேச முடியல. அப்புறம் வாங்க.'

நல்ல தெளிவான பதிவு அது. மொத வாரத்துல பதிஞ்சிருக்கணும், குரல் கம்மவே இல்ல. பஸ்ல பேசுன அதே குரல்.

நான் எந்திரிச்சு வந்துட்டேன். மதினி வாசல் வரைக்கும் வந்தா, சாப்பிட்டுப் போன்னு சொல்லல.

அம்பது வருசத்துல எங்க அண்ணன் என்ன 'வாங்க'ன்னு சொன்னதில்ல சார். ஒரு தடவ கூட. இத நான் பஸ்ல வரும்போது யோசிச்சேன், இந்த ஒரு மாசமா யோசிக்கேன். போன் அவருக்குப் புதுசு. வெரலு தவறிப் பட்டிருக்கும். இல்லன்னா வேற எதையாவது தேடியிருப்பாரு, அது அழிஞ்ச நானூறுல இருந்திருக்கும், கெடச்சதத் தொட்டிருப்பாரு. அப்பிடித்தான் இருக்கணும். என்னோட ரெண்டும் மொத பக்கத்துல கெடக்கது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? செவப்புக் கலர்லலா போட்டிருக்கேன்.

அனுசுயாகிட்டயா? இல்ல சார். இன்னும் இல்ல. நம்பரு இருக்கு. ரெண்டு தடவ எடுத்தேன், ஒரு தடவ ரிங்கு போச்சு, அவ எடுக்குறதுக்குள்ள வச்சிட்டேன். என்னன்னு ஆரம்பிக்கச் சொல்லுதீங்க? மொகம் தெரியாத உங்ககிட்டச் சொல்ல முடியுது. அவ கொரல் கேட்டா எனக்கு அந்த ஃபைல்தான் ஞாபகம் வருது. மதினி சொல்லியிருப்பா. அம்மையும் மகளும் தெனம் பேசுதாங்க, சொல்லாமலா இருப்பா? சொல்லியிருப்பா. அப்ப நான் வேற தனியா எதுக்கு?

நீங்க ஏன் சார் அப்பிடிப் பாக்கீங்க?

இந்தா, ரயில்வே கேட்டு தாண்டியாச்சு. இனி பஸ் ஸ்டாண்டுதான். காலக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க, எந்திரிச்சுக்கிடுதேன். பைய மடியிலயே வச்சுக்கிடுங்க.

போயிப் பாப்போம்னுதான் கெளம்பி வந்தேன். வராதன்னு அவரு சொல்லல. அப்புறம் வாங்கன்னுதான் சொன்னாரு. ஒரு மாசம் ஆயிட்டு. இது அப்புறம்தான சார்?